நீளப்பாட்டின் நடுவில்

பொன்ராஜ் சிகரெட் அட்டையின் ஓரத்தைக் கிழித்து, மடித்து, கேசட்டின் முதுகிலிருந்த பொக்கையில் திணித்தான். முதுகிலுள்ள சின்னப் பிளாஸ்டிக் பல்லை ஒடித்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. பொக்கையை அடைத்தால் மறுபடி பதியலாம். இந்தப் பல்லை ஒடித்தவன் கிறிஸ்டோபர். இதே கடையில், இதே மேஜையில் வைத்து, சைக்கிள் சாவியால் நெம்பி ஒடித்தான். "இதுல எவனும் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றான். சொன்னவன் போய்ச் சேர்ந்து வருஷம் ஏழாகிறது.

"ஏலே, ஏத்திரவா?" என்றான் பொன்ராஜ்.

"ஏத்து. இன்னும் என்ன நாள் பாக்கவா போற?" என்றான் நாகசுப்பிரமணியன். குரலில் இருந்த அவசரம் அவனுக்கே பிடிக்கவில்லை.

பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பொன்ராஜின் கேசட் கடை. ஊர் முழுக்கச் சினிமாப் பாட்டும் மாரியம்மன் பாட்டும் பதிந்து வாங்கிப் போக, இந்த மூன்று பேருக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு பேய் பிடித்திருந்தது. புரோகிரஸிவ் ராக். ஒரே பாட்டு, கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். நாலில் போய்க்கொண்டிருக்கும் தாளம் சொல்லாமல் கொள்ளாமல் ஏழுக்குத் தாவும். ஆர்கன் சர்ச்சில் ஆரம்பித்துச் சந்தையில் போய் முடியும். உலகத்தில் இருக்கிற அத்தனையிலும் எது உச்சம் என்பதுதான் வழக்கு. பொன்ராஜ் இத்தாலிக்காரர்கள் கட்சி. நாகசுப்பிரமணியன் ஆர்கன் கட்சி. ஆர்கன் இல்லாத பாட்டை அவன் பாட்டிலேயே சேர்க்க மாட்டான். லண்டனில்கூட யாரும் இப்படி நரம்பு புடைக்கப் பேசியிருக்க மாட்டார்கள். ஒருநாள் டீக்கடை மாரிச்சாமி இதைச் சொத்துத் தகராறு என்றே நினைத்துக்கொண்டு, "பாதிப் பாதியா எடுத்துக்கிட்டுப் போங்களேம்ப்பா, அண்ணந்தம்பியா இருந்துக்கிட்டு" என்று பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார்.

கிறிஸ்டோபருக்கு மட்டும் கட்சியெல்லாம் கிடையாது. ஒரே பாட்டு. ஐந்து தாடிக்காரர்கள் வாசித்தது. பேர் வாயில் நுழையாததால் மூவரும் அதை நீளப்பாட்டு என்றே சொன்னார்கள். யாரிடமோ ரிக்கார்டையும் பிளேயரையும் இரவல் வாங்கி, வீட்டில் வைத்து ஓடவிட்டு, எதிரே டேப்ரிக்கார்டரை வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான். அதனால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். பாட்டின் நடுவே எல்லாம் அடங்கி, ஆர்கனின் ஒற்றைச் சுரம் மட்டும் நூலாகத் தொங்கும். அதன்மேல் எவனோ தகரத்தைத் தட்டுவான். டங்... டட்டங்... டங். தாளத்தில் நிற்காது. முந்தும், தடுக்கும், ஓடிப்போய்ப் பிடிக்கும்.

"இதுதாம்லே உச்சம். இதுக்கு மேல உலகத்துல ஒண்ணும் கெடையாது" என்பான் கிறிஸ்டோபர்.

நாகசுப்பிரமணியனுக்கு அது ஆகவே ஆகாது. அவன் நூல் மில்லில் ஃபிட்டர். சக்கரத்தில் ஒரு பல் பிசகினால் அடுத்த ஷெட்டிலிருந்தே கேட்டுவிடும் காது. "தாடிக்காரங்க அசந்த நேரம் எவனோ களவாணிப்பய உள்ள பூந்து தகரத்தத் தட்டுறாம்லே! அவன் கைய ஒடிக்கணும்" என்று ஒருநாள் கத்தினான். கிறிஸ்டோபர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "ஒடிச்சிராதப்பா. பாவம், அந்தக் கைய நம்பித்தான் பொழைக்கிறான்" என்றான். அவன் வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவன்.

அடுத்த வாரம் காரியாபட்டி ரோட்டில், விளக்கில்லாமல் நின்ற லாரியில் அவன் பைக் மோதியது. பெட்டிக்குள் கிறிஸ்டோபருக்கு வெள்ளைக் கையுறை மாட்டியிருந்தார்கள். வலது கையுறை மட்டும் உப்பலாக இருந்தது. உள்ளே கையில்லை, பஞ்சுதான் என்று நாகசுப்பிரமணியனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒடிக்கணும் என்று யாரையோ சொன்ன சொல், வழிதவறி இங்கே வந்து விழுந்துவிட்டதோ என்று அன்றைக்குப் பிடித்த பயம்தான், இன்னும் விடவில்லை. பொண்டாட்டி வெங்கடலட்சுமியிடம்கூடச் சொன்னதில்லை. கடையில் நீளப்பாட்டு ஓடினால் அந்த இடம் வருவதற்குள் டீ குடிக்க எழுந்து போய்விடுவான். அது விடுமா? மில்லில் மெஷின் நிற்கும்போது அதற்குள் தட்டும். வீட்டில் ஒழுகும் குழாயில் தட்டும். டங்... டட்டங். இந்தச் சனியன் என்றைக்கு ஒழியும் என்று வேண்டாத சாமியில்லை.

இன்றைக்கு வழி பிறந்தது. கல்லறைத் திருநாளுக்காக மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த ஜோஸ்வா, கிறிஸ்டோபரின் தம்பி, மத்தியானம் கடைக்கு வந்து நீளப்பாட்டின் ஒரிஜினல் கேசட்டைக் கொடுத்தான். "இத நீங்களே வச்சுக்கிடுங்கண்ணே. அந்தப் பழச மட்டும் எனக்குத் தந்துருங்க. அம்மா கேட்டுச்சு. மெழுகுவர்த்தி வாங்கிட்டு வாரேன்" என்று கடைத்தெருப் பக்கம் போனான்.

அப்போதுதான் பொன்ராஜுக்கு அந்த நல்ல எண்ணம் தோன்றியது. செத்துப்போன கூட்டாளியின் தாய்க்கு, கிணற்றுக்குள்ளிருந்து வரும் சத்தத்தையா கொடுத்தனுப்புவது? அந்தக் கேசட்டிலேயே ஒரிஜினலைச் சுத்தமாக ஏற்றிக் கொடுத்தால் என்ன? நாகசுப்பிரமணியனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இரட்டைக் கேசட் டேப்ரிக்கார்டரில் இடது பக்கம் ஒரிஜினல், வலது பக்கம் பழசு. பொன்ராஜ் பொத்தான்களை அமுக்கினான். ஐப்பசியிலும் மழை எட்டிப் பார்க்காத வெயில் வாசலில் கொதித்துக்கொண்டிருந்தது. பாட்டு எழும்பியது. ஆத்தாடி, எத்தனை தெளிவு! இத்தனை வருஷம் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தவர்கள் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாம் அடங்கி ஒற்றைச் சுரம் தொங்கியது. ஏழு வருஷத்தில் முதல்முறையாக நாகசுப்பிரமணியன் எழுந்து போகவில்லை.

"இப்ப வரும் பாரு" என்றான் பொன்ராஜ்.

வரவில்லை. சுரம் தனியாக நின்றது.

"என்னலே, கட் பண்ணிட்டானுகளா?"

"பெறகென்ன? அவனுகளுக்கே பொறுக்கல, தூக்கிட்டானுக. நான் அன்னைக்கே சொன்னேன்ல!" நாகசுப்பிரமணியன் சத்தமாகச் சிரித்தான். சிரித்து எத்தனை நாளாயிற்று!

மெழுகுவர்த்திக் கட்டோடு ஜோஸ்வா படியேறினான். காதைச் சாய்த்துக் கேட்டான். முகம் மலர்ந்தது. "இந்த எடத்துலதானண்ணே அண்ணன் பெட்டிய அடிக்கும்?"

"எந்தப் பெட்டிய?"

"ட்ரங்குப் பெட்டிய. அன்னைக்கு ரெக்கார்டு பண்ணும்போது நாந்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். சிரிச்சா காதத் திருகிருவேன்னு அண்ணன் சொல்லுச்சு. உங்ககிட்டச் சொல்லலையா? அம்மாவுக்கே நேத்துத்தான் சொன்னேன். அண்ணன் கை அதுல இருக்குன்னதும் உடனே வாங்கிட்டு வான்னு அனுப்பிருச்சு."

நாகசுப்பிரமணியன் வலது பக்கம் சுற்றிக்கொண்டிருந்த கேசட்டைப் பார்த்தான். சுற்றச் சுற்ற அழிந்துகொண்டிருந்தது. மேஜையைத் தாண்டி விழுந்து பொத்தானைக் குத்தினான். டேப்ரிக்கார்டரின் கண்ணாடி மூடியில் விரிசல் ஓடியது. அவன் கைய ஒடிக்கணும் என்றது யார் கையை என்பது அப்போதுதான் உறைத்தது. பாவிப்பயலே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சிரித்தாயே!

ஓடவிட்டுக் கேட்டார்கள். சுத்தமான சுரம், ஒரு வெட்டு, பிறகு கிணற்றுக்குள்ளிருந்து டங், டட்டங். பாதி போய், பாதி மிஞ்சியிருந்தது.

ஜோஸ்வா அவர்களை நேராகப் பார்க்கவில்லை. "வாங்க, அம்மா காத்துக்கிட்டிருக்கும்" என்று மட்டும் சொன்னான். பொன்ராஜ் சிகரெட் அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கடையைச் சாத்தினான்.

கிறிஸ்டோபரின் தாய் ஞானப்பூ அம்மாள் கல்லறைக்குப் போக வெள்ளைச் சேலை கட்டித் தயாராக இருந்தாள். உள்ளறையில் அந்தப் பச்சை ட்ரங்குப் பெட்டி இருந்தது. நாகசுப்பிரமணியன் அதன் பக்கத்தில் மண்டியிட்ட மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஏற்றச் சொன்னது தான்தான் என்பதைச் சொன்னான். கைய ஒடிக்கணும் என்றதையும் சொன்னான். அவள் பெட்டிமேல் கிடந்த சேலையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். அழுதுவிட்டால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"வீட்டுக்கு வந்தா உம் பேச்சுத்தான்யா அவனுக்கு. இன்னைக்கும் நாகு அந்த எடத்த வஞ்சான்மான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்" என்றாள். பிறகு பெட்டிமேல் இருந்த சேலைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "அத்தன வருசம் வஞ்சிருக்க. எங்கெங்க தப்புன்னு உனக்குத் தெரியாமலா இருக்கும்? போனத நீ அடி."

"எம்மா, நானா?"

"பெறகு யாரு இருக்கா?"

பொன்ராஜ் கேசட்டைப் போட்டான். சுரம் மட்டும் தொங்கும் இடம் வந்தது. நாகசுப்பிரமணியன் விரல் முட்டியால் பெட்டியின் தகரத்தைத் தட்டினான். டங். அடுத்தது முந்த வேண்டும், முந்தினான். இங்கே தடுக்க வேண்டும், தடுத்தான். சரியாக அடித்துப் பழகிய கை, தப்பு வருகிற இடமெல்லாம் தானாகவே தப்பியது. வைது வைது மனப்பாடம் ஆகியிருந்தது. ஞானப்பூ அம்மாள் கண்ணை மூடியிருந்தாள். ஜோஸ்வா மெழுகுவர்த்திக் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

தடுக்கிய அடி ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டிய இடம், கேசட்டில் வெட்டு விழுந்த இடம், வந்தது. நாகசுப்பிரமணியன் கையை எடுத்துக்கொண்டான்.

அடி நிற்கவில்லை.