குளம் இல்லாத குளத்துத் தோட்டம்

சாலையோரம் நடும் ஊர்ப் பலகைகளில் எழுத்துப் பிழை வராமல் பார்ப்பது மாவட்ட அலுவலகத்தில் என் வேலை. அயர்லாந்தின் மேற்கே, எங்கள் மேயோவில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒரே மேட்டுக்கு வரைபடத்தில் ஒரு பெயர் இருக்கும், பத்திரத்தில் வேறு, பாதிரியாரின் ஏட்டில் இன்னொன்று.

1984 வசந்தத்தில் கேரிநலின் என்ற சிற்றூர் என் மேசைக்கு வந்தது. அங்கே சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். பக்கத்து மேட்டில் சரளை வெட்டப் பொறியாளர் கோல்மன் குறி போட்டிருந்தார். ஐரிஷ் மொழியில் கேரிநலின் என்றால் குளத்துத் தோட்டம். போய்ப் பார்த்தேன். குளம் இல்லை. இருந்து தூர்ந்துபோன பள்ளமும் இல்லை.

நிலம் டெலியா கில்பேனுடையது. அறுபதைத் தாண்டியவர், கணவர் ஃபெஸ்டஸ் இறந்து ஓராண்டு. அங்கே தண்ணீர் நின்று பார்த்ததே இல்லை என்று தேநீர் ஊற்றியபடியே சொன்னார். ஃபெஸ்டஸ் அந்த மேட்டை ஒருநாளும் உழவில்லையாம். பெயரைக்கூடச் சொல்லமாட்டாராம், "அந்தப் பக்கம்" என்பதோடு சரி.

டப்ளினுக்குப் போய்ப் பழைய நில அளவைக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். 1838இல் அளக்க வந்தவர், ஊரார் வாயில் கேட்டதை மூன்று விதமாக எழுதியிருந்தார்: கேரிநலனவ், கேரிநலனிவ், கேரிநலின். முதல் இரண்டையும் யாரோ அடித்திருந்தார்கள். மூன்றாவது அச்சேறிவிட்டது. லனவ் என்றால் குழந்தை. அது குளத்துத் தோட்டம் அல்ல, குழந்தைகளின் தோட்டம்.

வாசிப்பறையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சில ஆண்டுகள் முன்புவரை, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளைக்கு எங்கள் கல்லறைத் தோட்டங்களில் இடம் கிடையாது. தகப்பன்தான் தனியாகச் சுமந்துபோய் எங்காவது புதைத்துவிட்டு வருவான். எங்கே என்று பெற்றவளிடம் சொல்வதில்லை.

சரளை வெட்டும் மண்வாரி வருமுன் டெலியாவிடம் சொல்லியாக வேண்டும். சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அம்பத்திரெண்டுல எனக்கு ஒண்ணு பொறந்துச்சு. மூச்சு விடல. அவரு தூக்கிட்டுப் போனாரு, நான் பாத்துடக் கூடாதுன்னு ஜன்னலச் சாத்திட்டாங்க. திரும்பி வந்தப்போ பூட்ஸெல்லாம் மஞ்சக் களிமண்ணு. எங்க வச்சீங்கன்னு முப்பத்தோரு வருசமா கேட்டேன். வாயே தொறக்கல மனுசன்."

சுற்றிலும் கரிய சதுப்பு மண். மஞ்சள் களிமண் அந்த மேட்டில் மட்டுந்தான்.

இருவரும் ஏறினோம். முழங்கால் உயரப் புல்லை விலக்கியதும் கற்கள் தட்டுப்பட்டன. ரொட்டி அளவில், எழுத்தில்லாத கற்கள். நாற்பதோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

"இதுல எது என்னுது?" என்றார் டெலியா.

அவர் குனிந்து ஒவ்வொரு கல்லாகத் தொட ஆரம்பித்தார். ஒன்றையும் விடவில்லை. மழை வந்தும் நிற்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் கோல்மன் வாதாடவில்லை. குறிக்கட்டைகளைத் தானே பிடுங்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கப் போனார். பலகையில் எந்தப் பெயரை எழுதுவது என்று கேட்க, பத்து நாள் கழித்து டெலியாவிடம் போனேன். கண்கள் உள்ளே போயிருந்தன.

"இத்தன வருசமும் ராத்திரியில ஒரு பிள்ளதான் அழுதுச்சு. இப்ப எல்லாம் சேந்து அழுவுதுடி, பொண்ணே."

நான் வந்திருக்கவே கூடாதோ என்றிருந்தது. பழைய பெயரையே விட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். உள்ளதையே எழுது. பெருசா எழுது."

கேரிநலனவ் என்று எழுதி, கீழே அதன் பொருளையும் போட்டோம். பலகை நட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்த வழியாக வந்தேன். முன்பின் அறியாத ஒரு பெரியவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வேலியோரம் நின்றிருந்தார். பன்னிரண்டு மைல் சைக்கிளில் வந்திருக்கிறார்.

டெலியா வாசலிலிருந்து இறங்கி வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"மூணு தடவ இங்க சுமந்துட்டு வந்திருக்கேன்," என்றார் அவர். "என் பொண்டாட்டி இன்னும் உசுரோட இருக்கா. இன்னிக்குத்தான் அவகிட்ட சொன்னேன்."

டெலியா வேலிக்கதவைத் திறந்துவிட்டார்.