தயிரா, நடையா?

மலாக்காவின் காஜா பேராங்கில் நஜ்முன்னிசாவின் நெய்ச்சோற்றைச் சாப்பிடாதவர்கள் குறைவு. பெருநாளானாலும் கல்யாணமானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சோற்றை எல்லாரையும்விட அதிகம் சாப்பிட்டவர் அவள் கணவர் யூனுஸ். துக்காங் எமாஸ் தெருவில் கைலிக்கடை வைத்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

1938இல், அவர் புக்கிட் பாருவிலிருந்த தன் தங்கை ரஹீமாவின் வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது, நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருந்தது. இறங்கி ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் விட்டுவிட்டது. வீட்டில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. மறுபடி வலி வந்தபோது நஜ்முன்னிசா பக்கத்தில் இருந்தாள். அன்றே டாக்டர் குலசிங்கத்திடம் அழைத்துப் போனாள்.

யாழ்ப்பாணத்துக்காரரான டாக்டர், யூனுஸின் இமையோரத்து மஞ்சள் தடிப்புகளைத் தொட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். பதில் வந்ததும், ரத்தத்தில் கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பு மிகக் கூடுதல் என்றார். அந்தப் பெயரை இருவரும் அன்றுதான் கேட்டார்கள். நெய்யும் ஆட்டுக் கொழுப்பும் முட்டையின் மஞ்சள் கருவும் இனி ஆகாது என்றார். தயிர் கொடுக்கலாமா என்று நஜ்முன்னிசா கேட்டாள். ஆடை எடுத்த பாலில் உறைந்த தயிரென்றால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். புளித்த பாலை ஐரோப்பாவில் சிலர் புகழ்கிறார்கள், ஆனால் அது ரத்தக் கொழுப்பைக் குறைக்குமா என்பது தனக்குத் தெரியாது என்றும் மறைக்காமல் சொன்னார்.

நஜ்முன்னிசா 'தாராளமாக' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பகுதிக் கோயிலுக்குப் பின்னால் ஏகாம்பரம் மாடு வைத்திருந்தார். பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய தமிழர் வழிவந்த மலாக்காச் செட்டி. தமிழ் தெரியாது, மலாய்தான். ஆடை எடுத்த பாலில் அவர் உறை ஊற்றி வைக்கும் தயிரை வாங்க, காலைத் தொழுகை முடிந்ததும் யூனுஸ் நடந்துபோக வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. யூனுஸுக்குத் தயிரின் வாடையே பிடிக்காது. அவர் முகத்தைப் பார்த்த ஏகாம்பரம், கொஞ்சம் குலா மலாக்கா என்னும் தென்னங்கருப்பட்டி சீவிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். பிறகு யூனுஸ் முணுமுணுக்காமல் போய்வந்தார். சட்டியின் அடியில் கருப்பட்டிப் பாகு ஒட்டியிருந்ததைக் கண்டு நஜ்முன்னிசா அதை நிறுத்தும்வரை.

அவள் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் அரைத்துக் கலந்து பார்த்தாள். வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டாள். யூனுஸ் மருந்துபோல் விழுங்கினார். வாரக் கடைசியில் மட்டும் தங்கையைப் பார்க்க என்று கிளம்பி, ரஹீமா வீட்டில் ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும் சாப்பிட்டு வந்தார். ஒருநாள் திரும்பும் வழியில் வலி வந்து, யாரோ மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். சட்டையில் நெய் வாசம் அடித்தது.

நஜ்முன்னிசா அந்தச் சட்டையை ஊறப்போட்டாள். மறுநாள் மதியம் ஒரே சஹன் தட்டில் இருவருக்கும் சோறு போட்டாள். தயிரும் வெண்டைக்காய்ப் பொரியலும் மட்டும்.

"உனக்கென்ன நோவா? நீ நல்லா சாப்பிடு, நஜ்மு," என்றார் யூனுஸ்.

"நிக்காஹ் அன்னையிலருந்து ஒரே சஹன்ல சாப்பிட்டுப் பழகிட்டேன், மச்சான். உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னா எனக்குச் சோறு இறங்காது."

அவர் தலை குனிந்து சாப்பிட்டார். அதன்பிறகு ரஹீமா வீட்டுக்குப் போனாலும் தேநீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினார். தயிருக்குப் போகும் நடையும் தானாக நீண்டது. ஏகாம்பரத்துடன் மாடுகளைப் பற்றிப் பேசியபடியே வயல்பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வந்தார்.

அடுத்த நோன்புப் பெருநாள் கழிந்து மறுபடி ரத்தம் சிங்கப்பூருக்குப் போயிற்று. கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. வலி வந்தும் பல மாதங்களாகியிருந்தன. எல்லாம் தயிர் செய்த வேலை என்று யூனுஸ் அடித்துச் சொன்னார். இல்லை, நடைதான் என்றாள் நஜ்முன்னிசா.

டாக்டர் குலசிங்கம் சிரித்தார். "தயிரோ, நெய்யை விட்டதோ, நடையோ, எதெண்டு என்னால சொல்ல ஏலாது. மூண்டையும் ஒண்டாச் செய்துபோட்டியள்."

"அப்ப எதை விட்டுடலாம், டாக்டர்?" என்று யூனுஸ் ஆசையாகக் கேட்டார்.

"ஒண்டையும் விட வேண்டாம்."

வெளியே வந்ததும் யூனுஸ் ஒரு ரிக்‌ஷாவைக் கைதட்டிக் கூப்பிட்டார். நஜ்முன்னிசா வேண்டாம் என்று கையசைத்து அதை அனுப்பிவிட்டு, துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள். நாளை முதல் தானும் மாட்டுக் கொட்டகைவரை வருவதாகச் சொன்னாள். அப்படியானால் வழியில் பேச ஆள் கிடைத்தது என்றார் யூனுஸ். தெருமுனையில் ஏகாம்பரத்தைக் கண்டதும், ரத்தத்தில் கொழுப்பு இறங்கிய சேதியை மலாயில் உரக்கச் சொல்லிக்கொண்டே போனார்.