நீதிபதிக்கு ஒரு கல்வெட்டு

யாழ்ப்பாணத்தார் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். அவருடைய வாழ்க்கையைப் புகழ்ந்து சொல்லும் சிறு புத்தகம். கனடாவில், வோபர்ன் பகுதியில் அதை எழுதிக் கொடுப்பவள் தவமணி. இருபது வருடமாக அவளுடைய கையில் ஒரு கெட்டவர்கூடச் செத்ததில்லை. குடிகாரர் கலகலப்பானவர் ஆவார், கஞ்சர் சிக்கனக்காரர் ஆவார்.

அதனால்தான் தமிழ்ச் சங்கத் தலைவர் குலசிங்கம் அவளைத் தேடி வந்தார். மில்லிக்கனில் சங்கம் தமிழ் வகுப்பு நடத்தும் மண்டபத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நீதிபதி ஹார்ட்லியின் பெயர். மண்டபத்துக்காரர் அவருக்கு விழா எடுக்கிறார்கள். அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதி மேடையில் வாசிக்க வேண்டுமாம்.

தவமணி நூலகத்தில் தேடி வாசித்தாள். வழக்கறிஞர் ஹார்ட்லி ஏழைகளுக்காக வாதாடினார். தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். பிறகு நீதிபதியானதும், கப்பலில் வந்து தஞ்சம் கேட்ட பதினேழு பேரை ஒரே மத்தியானத்தில் திருப்பி அனுப்பினார். காரணம் என்று நாலு வரிகூட எழுதவில்லை. அவள் அதையும் எழுதினாள்.

குலசிங்கத்துக்கு முகம் கறுத்தது.

“உந்தப் பதினேழு பேரின்ரை கதையை வெட்டு தங்கச்சி. பிறகு ஹோலைத் தரமாட்டினம். பிள்ளையளை எங்கை வைச்சுப் படிப்பிக்கிறது?”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் தவமணி முன்பும் ஒருதடவை இப்படி வெட்டியவள். தஞ்சம் கேட்டு வந்த அவளுடைய தம்பி அருள்நாயகத்தைக் கனடா ஏற்கவில்லை. திருப்பி அனுப்பிய மூன்றாம் மாதம் ஊரில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள் என்று பயந்து, ‘சுகவீனத்தால் இறைவனடி சேர்ந்தார்’ என அவன் கல்வெட்டில் அவளே எழுதினாள். அதை நினைத்தால் இப்போதும் தன்மேலேயே வெறுப்பு வரும்.

“வெட்டமாட்டன் அண்ணை,” என்றாள்.

குலசிங்கம் தானே வெட்டி, புதிதாக அச்சடித்த தாளை விழாவன்று அவள் கையில் திணித்தார். மேடைக்கு வந்தால் அடங்கிவிடுவாள் என்பது அவருடைய நினைப்பு.

வழக்கறிஞர் ஹார்ட்லிக்கும் அரசியல்வாதி ஹார்ட்லிக்கும் சபை கைதட்டியது. பிறகு தவமணி தாளை மடித்தாள். அந்தப் பதினேழு பேரைப் பற்றித் தாள் பார்க்காமலே சொன்னாள். முன்வரிசையில் குலசிங்கம் தலையில் கைவைத்தார்.

“அவையின்ரை பெயரை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. அதுக்குப் பிறகு அனுப்பின ஒருத்தன்ரை பெயர் எனக்குத் தெரியும்.”

யாரோ மைக்கை நிறுத்தினார்கள். தவமணி குரலை உயர்த்தினாள்.

“அருள்நாயகம். என்ரை தம்பி. அவன் நோய் வருத்தத்திலை சாகேல்லை. திருப்பி அனுப்பினதாலைதான் செத்தவன்.”