முதுகுக்குப் பின்னால் விழுந்த மீன்கள்

படிவத்தில் ஒன்பது கேள்விகள் இருந்தன. மீனவர் சங்கத் தலைவர் ஹுஸைன், கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த தோணியின் மேல் தாளை விரித்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

“கண் பார்வை?”

“நல்லா தெரியும் நானா,” என்றாள் கஜலட்சுமி. அங்கே எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்.

“பாரம் தூக்குவீங்களா?”

“முப்பது கிலோ கொழுந்தோட மலை ஏறினவ நான்.”

“நீந்த?”

“அம்பது மீட்டர் போகும். நாய் நீந்துற மாதிரிதான், ஆனா போகும்,” என்றான் அவளுடைய தம்பி இளங்கோ.

“பொறுமை ஈக்குதா?”

“இவன்கூட ஒரே வீட்டுல இருக்கேனே நானா.”

ஹுஸைன் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

விக்டோரியா நீர்த்தேக்கத்தில் ஒரு தோணிக்கு இரண்டு பேர் என்பது அந்தச் சங்கத்தின் விதி. இளங்கோவின் கூட்டாளி பவாஸ் போன மாதம் கட்டாருக்குப் போய்விட்டான். இந்த வாரத்துக்குள் ஆள் சேராவிட்டால் தோணி, வரிசையில் காத்திருக்கும் அடுத்த சோடிக்குப் போய்விடும். இளங்கோவுக்கு அது தோணிப் பிரச்சினை. கஜலட்சுமிக்கு அதைவிடப் பெரியது. ஹேவாஹெட்டயில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தவள் அவள். அவள் வேலை செய்த மலையைத் தோட்ட நிர்வாகம் காடாக விட்டுவிட்டது. தம்பி வீட்டுக்குத் திகனைக்கு வந்தபிறகு ஒரு தையல் தொழிற்சாலையில் நான்கு மாதம் நின்று பார்த்தாள். வேலை கஷ்டமில்லை. மழை வருகிறதா வெயில் அடிக்கிறதா என்று தெரியாமலே ஒரு பகல் முடிந்துபோவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வானத்துக்குக் கீழே இருக்கிற ஒரு வேலை வேண்டும். இங்கே மிச்சமிருந்தது இந்தத் தண்ணீர்தான்.

“ரெண்டு காலை வந்து பார்ப்பன்,” என்றார் ஹுஸைன். “ரெண்டு வலை. ஏழு மணிக்கு ஐஸ் லொறி வரக்குள்ள மீனெல்லாம் கழட்டி முடிஞ்சீக்கணும். வலை கிழியவும் கூடாது. முடிஞ்சா கையெழுத்து வைங்க. இல்லாட்டி மனசுல ஒண்டும் வெச்சுக்காதீங்க.”

முதல் நாள் விடியும்போது தண்ணீர் மேல் மூடுபனி படுத்திருந்தது. தோணி, முந்தின மாலையில் போட்டுவைத்த வலையை நோக்கி மெதுவாக ஊர்ந்தது.

“அணை கட்டுனப்ப முழுகிப்போன பழைய தெல்தெனிய டவுன் நமக்குக் கீழதான் இருக்கு,” என்றான் இளங்கோ. “கடைத்தெரு மேல வலை போட்டிருக்கோம்.”

கஜலட்சுமி குனிந்து பார்த்தாள். யாரோ கதவைப் பூட்டிவிட்டுப் போன ஒரு தெருவில் இப்போது திலாப்பியாக்கள் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

பவாஸ் உட்கார்ந்ததுபோலவே அவளும் முன்முனையில், தம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வலையை மடியில் இழுத்தாள். செவுளில் சிக்கிய மீனைப் பின்னால் இழுத்தால் கண்ணி அறுந்துபோகும், தலைப்பக்கமாகத் தள்ளித்தான் எடுக்க வேண்டும் என்று வீட்டிலேயே ஒரு பழைய வலைத் துண்டில் செய்து பழகியிருந்தாள். முதல் மீன் இரண்டு நொடியில் வந்தது. இரண்டாவது அதைவிட வேகமாக. பிறகு விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கின. இத்தனை சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

இளங்கோ பாதி வலைவரை துடுப்பில் கவனமாக இருந்தான். அப்புறம் தோணிக்குள் பார்த்தான். ஒரு மீன்கூட இல்லை. அக்காவின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பனிக்குள் ஏழெட்டுத் திலாப்பியாக்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தன.

“அக்கா, என்னா செய்ற?”

“மீன் கழட்டுறேன்.”

“கழட்டி?”

அவளுடைய வலது கை, பிடித்திருந்த மீனை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தது. மலையில் முதுகில் கொழுந்துக் கூடை தொங்கிய இடத்தில் இங்கே நீர்த்தேக்கம் இருந்தது.

“உயிரோட இருந்ததெல்லாம் போச்சு. செத்ததுதான் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கு,” என்றான் இளங்கோ.

பக்கத்துத் தோணியிலிருந்து ஹுஸைனின் குரல் வந்தது. “தங்கச்சி, கழட்டுற வேகம் நல்லம். ஆனா மீனைப் புடிக்கிறதுக்குத்தான் சங்கம் வெச்சீக்கிறோம்.”

அன்று மிதந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டு கரை சேர்வதற்குள் ஐஸ் லொறி போய்விட்டது.

இரண்டாம் நாள் அவள் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டாள். ஒவ்வொரு மீனையும் உற்றுப் பார்த்து, இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையைக் கிடத்துவதுபோல முன்னால் வைத்தாள். அப்படிச் செய்யும்போது விரலுக்கு வழி மறந்துபோனது. முதுகு முள் உள்ளங்கையில் ஏறியது. மூன்று கண்ணிகள் அறுந்தன. ஆறேகால் ஆகியும் முதல் வலையே முடியவில்லை.

“கையை அது இஷ்டத்துக்கு விடேன்,” என்றான் இளங்கோ.

“விட்டா தண்ணிக்குள்ள போடுது.”

“அப்ப முதுகுல ஒரு கூடையைக் கட்டிக்கிட்டு வந்திருக்கணும்.”

“கூடை நிறைஞ்சு நான் பின்னால சாஞ்சா நீயா தூக்குவ?”

கோபமாகச் சொன்னவள் கையை நிறுத்தினாள். மலையில் அவளுக்கு முன்னால் செடி இருந்தது, பின்னால் கூடை இருந்தது. இங்கே செடிக்குப் பதில் வலை, அது பக்கத்தில். கூடை எங்கே? தோணிதான் கூடை. அதற்குள்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் முதுகைக் காட்டாமல் அதன் வாயைப் பார்த்துக்கொண்டு.

“தம்பி, ஆடாம பிடி.”

“எதுக்கு?”

“நான் திரும்பி உக்காரப் போறேன்.”

“பவாஸ் ஒரு நாளும் அப்பிடி உக்காந்ததில்ல. மீன் துள்ளிப் போயிடும்னு—”

“பவாஸ் கொழுந்து எடுத்தானா?”

அவள் திரும்பினாள். இப்போது முகம் தண்ணீரை நோக்கி, முதுகு தம்பியை நோக்கி. முதல் மீன் பறந்துபோய் இளங்கோவின் மார்பில் அடித்தது. இரண்டாவது காதை உரசியது. அவன் திட்டிக்கொண்டே துடுப்பைக் கிடத்திவிட்டு, பிளாஸ்டிக் பெட்டியை அவளுக்குப் பின்னால் தள்ளினான். அதற்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. இரண்டு கையும் வலைக்கண்ணிகளுக்குள் மாறி மாறிப் போய் வந்தன. மீன் விழும் சத்தத்தைக் கேட்டே பெட்டி எவ்வளவு நிறைந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. துள்ளி வெளியே போகப் பார்த்தவற்றை இளங்கோ காலால் மறித்தான். பனி விலகி நக்கிள்ஸ் மலைத்தொடர் நீலமாக வெளியே வந்தபோது இரண்டாவது வலையின் கடைசி மிதவை அவள் மடியில் கிடந்தது.

கரையில் லொறி இன்னும் நின்றிருந்தது. மணி ஏழாக நான்கு நிமிஷம்.

ஹுஸைன் மீனைப் பார்க்கவில்லை. வலையைத்தான் விரித்து, விரலால் தடவிக்கொண்டே போனார். மூன்று இடத்தில் நின்றார்.

“மூணு கண்ணி போயீக்குது.”

“மூணும் திரும்புறதுக்கு முந்தி போனது நானா,” என்றாள் கஜலட்சுமி.

“வலை தைக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“இளங்கோவுக்கும் தெரியாது. அவன் தைச்சா வலையில யானைதான் புடிக்கலாம். நான் சொல்லித் தாறன்.” அவர் எழுந்து தோணியின் முனையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “முதுகைக் காட்டிக்கொண்டு மீன் புடிக்கிற ஆளை நான் இண்டைக்குத்தான் பார்க்கிறன். பேனை ஈக்குதா?”

பேனை இல்லை. லொறிக்காரரிடம் வாங்கி வந்தான் இளங்கோ. கஜலட்சுமி செதில் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு, தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள். தாளின் ஓரம் நனைந்துபோனது.

“இன்னைக்குச் சாயங்காலம் எத்தனை மணிக்கு வலை போடணும்?” என்று கேட்டாள்.

“நாலரைக்கு,” என்றான் இளங்கோ, சட்டையிலிருந்து செதில்களை உதறிக்கொண்டே. “வலை போடுறப்பவாவது என் பக்கம் பார்த்து உக்காரு.”