மூன்று சொட்டு மஞ்சள் தண்ணீர்

துப்பாக்கிச் சன்னத்துக்குப் பயந்து மட்டக்களப்பிலிருந்து கனடாவின் மொன்றியல்வரை ஓடிவந்த மனுஷனைச் சன்னம் வார்க்கக் கூப்பிட்டால் என்ன செய்வார்? சீனித்தம்பி போகத்தான் வேண்டியிருந்தது. கூப்பிட்டவர் கஸ்தோன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியில் சீனித்தம்பி தரை துடைக்கும் பகுதிக்கு அவர்தான் மேலாள். அடுத்த மாதம் அகதி விசாரணை. இந்த நாட்டுக்காரர் ஒருவர் நற்சான்றுக் கடிதம் தந்தால் பலம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். சீனித்தம்பிக்குத் தெரிந்த இந்த நாட்டுக்காரர் கஸ்தோன் ஒருவர்தான். அவரோ, "நீ பயந்து வந்தவனா, உழைக்க வந்தவனா?" என்று கண்ணடிக்கிற ஆள்.

மான் வேட்டைக்குத் தன் கராஜிலேயே சன்னம் வார்ப்பவர் கஸ்தோன். ஈயம் உருக்கப் புதுச் சட்டி வாங்கியிருந்தார். "சனிக்கிழமை வா, பழக்கிவிடுகிறேன்."

"புதுச் சட்டியில ஒரு கைவேலை பழகப் போறன்" என்று மட்டும் சீனித்தம்பி வீட்டில் சொன்னார். மனைவி மீனாம்பிகை விடுவாளா? சின்னப் போத்தலில் மஞ்சள் தண்ணீரை நிறைத்துச் சட்டைப் பையில் செருகினாள்.

"புதுச் சட்டி, புது வேலை. தெளிச்சுப்போட்டுத் தொடங்குங்க."

கஸ்தோன் கையுறையும் கண்ணாடியும் மாட்டிவிட்டு நூறு புத்தி சொன்னார். தண்ணீர் தெளிக்காதே என்று மட்டும் சொல்லவில்லை. உருகிய ஈயத்துக்கு எந்த மடையன் தண்ணீர் தெளிப்பான்?

அவர் அச்சை எடுக்கத் திரும்பிய நேரம், சீனித்தம்பி பிள்ளையாரை நினைத்து மூன்று சொட்டுத் தெளித்தார்.

டமார்!

ஈயம் கூரையில் போய் ஒட்டியது. நல்லகாலம், யாருக்கும் காயமில்லை. கஸ்தோன் தன் ஊர் வழக்கப்படி தேவாலயச் சாமான் ஒன்று விடாமல் பெயர் சொல்லித் திட்டினார். திட்டி முடித்துத் திரும்பினால் ஆளைக் காணவில்லை. மேசைக்கடியில் குப்புறக் கிடந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தார் சீனித்தம்பி.

"முடிந்துவிட்டது, எழும்பு."

"ரெண்டாவது வெடிக்கட்டும், எழும்புறன். எங்கட ஊரில ஒண்டோட நிக்காது."

கஸ்தோனுக்குச் சிரிப்பு வந்தது. நடுங்குகிற முதுகைக் கண்டதும் அது நின்றுபோயிற்று. அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

கடிதம் போச்சு, வேலையும் போச்சு என்று ஞாயிறு முழுக்கச் சீனித்தம்பி சோறு இறங்காமல் கிடந்தார். திங்கட்கிழமை கஸ்தோன் ஓர் உறையை நீட்டினார். உள்ளே கடிதம், மூன்றே வரி.

"இவர் ஏன் ஓடிவந்தார் என்பதை என் கண்ணால் கண்டேன். இவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஈயச் சட்டிக்குப் பக்கத்தில் மட்டும் விடாதீர்கள்."