குடுவை நிறைய ஈ

பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கும் கூடப்பிறந்த அண்ணன் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். பல் செட் செய்யும் தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பால்கனியில் அவர் பிள்ளை போல வளர்ப்பவை குடுவைச் செடிகள். ஈ, எறும்பு உள்ளே விழுந்தால் செரித்துவிடும்.

"நாத்தம் தாங்கலடா. பொணந்தின்னிய எல்லாம் வீட்ல வெச்சு வளப்பாங்களா?"

"உயிரோட வர்றததாண்ணே அது புடிக்கும். தெரியாட்டி வாய மூடு!"

பெற்றவர்கள் போனபின் தன்னை ஆளாக்கிய அண்ணனிடம் பேசுகிற பேச்சா இது? தனி ஆளான அண்ணன் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"போய் ஒரு வார்த்தை பேசுங்களேன்," என்றாள் மனைவி.

"அவரே வரட்டும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடும். இவர் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். நாலு நாளில் அதுவும் நின்றது. அடேயப்பா, என்ன வீம்பு! தம்பி காதில் விழக்கூடாதென்று ரேடியோவைக்கூட நிறுத்திவிட்டாரே என்று இவர் இன்னும் முறுக்கிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் செடிகளுக்கு யோகம் அடித்தது. ஐந்தாவது மாடிக்கு ஈ வருவதே அபூர்வம். பல் வரிசை கோக்கும் இடுக்கியால் இவர்தான் எறும்பு பிடித்துப் போடுவார். இப்போது ஈக்கள் தாமாகவே வந்து விழுந்தன. குடுவைகள் கழுத்துவரை நிரம்பின.

"கொடல பொறட்டுது," மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வயிறு முட்டத் தின்னா அப்படித்தான் நாறும்!" பெருமை தாங்கவில்லை அவருக்கு.

நிரம்பிய குடுவை ஒன்றை நறுக்கி வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். வீட்டு ஈ ஒன்றுகூட இல்லை. எல்லாம் பச்சையாக மின்னும் தடித்த ஈக்கள், இறைச்சிக் கடைக் குப்பையில் மொய்க்கிற ஜாதி. இங்கே ஏது இறைச்சி?

நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் வீட்டு ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு அசைந்தது. இடுக்கு வழியாக ஒவ்வொரு ஈயாக வெளியே வந்தது.

தட்டைப் போட்டுவிட்டு ஓடினார். கதவை இரண்டு கையாலும் அடித்தார்.

"அண்ணே! பொணந்தின்னின்னு என்னையே திட்டுண்ணே! வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசுண்ணே!"

உள்ளே ஏதோ இரைந்துகொண்டிருந்தது. அது ரேடியோ இல்லை.