முறியும் மூலை

பிற்பகல் மூன்று இருபதுக்கு மெக்கானிக் அன்டன், ஹட்டன் டவுனிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கினான். தோளில் சாக்குப்பை, அதற்குள் ஒன்றரை அடி இரும்புக் கம்பி, முன்னங்கைப் பருமன். தோள்பட்டை மரத்துப்போயிருந்தது.

தேயிலைத் தொழிற்சாலை வாசலில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் கஜேந்திரன் காத்து நின்றார்.

"கெடச்சிருச்சா?"

"கம்பிதாங்க ஐயா கெடச்சுது. அடிச்ச இரும்பு கொழும்புலதானாம். ரெண்டு வாரமாகும்."

"இரும்புலயும் என்னப்பா சாதி பாக்குற? மேல நாலாயிரம் கிலோ கொழுந்து வாடிக் கெடக்குது."

பட்டறைக்குள் போனதும் அன்டன் முறிந்த தண்டை எடுத்துக் காட்டினான். கொழுந்து அரைக்கும் ரோலரைச் சுழற்றும் கிராங்கின் தண்டு அது. இதற்கு முன்பிருந்த பழைய தண்டைத் தீயில் காய்ச்சி, அடித்தே உருவாக்கியிருந்தார்கள். தண்டு தடிக்கும் இடத்தில் இரும்பின் நாரும் கூடவே வளைந்திருந்தது. முப்பது வருடம் உழைத்தது. அதற்குப் பதிலாக அவன் கம்பியில் கடைந்து போட்ட இது பதினோரு நாள்தான் தாங்கியது. உருட்டி நீட்டிய கம்பியில் நார் விறகைப்போல நேராக ஓடும். கடைந்தால், தண்டு தடிக்கும் மூலையில் அது அறுபடும்.

"இந்த மூலயிலதாங்க ஐயா போச்சு. இதுவும் அங்கதான் போகும்."

"ரெண்டு வாரம் ஓடுனாப் போதும். கடைஞ்சு போடு."

அன்டன் முந்தின நாளே சொல்லிப் பார்த்திருந்தான். லேத்தின் முன் நின்றான். சுருள் சுருளாக இரும்பு காலடியில் விழுந்தது. மூலையைக் கூராக வெட்டாமல் வளைவாகக் கடைந்துவிட்டான். அவனால் ஆனது அவ்வளவுதான்.

ஆறு மணிக்குத் தண்டு பூட்டியாயிற்று. சிந்தும் கொழுந்தைக் கூட்டுகிற வினோதா விளக்குமாறோடு வந்தாள்.

"என்ன அண்ணே, இதுவும் பதினோரு நாளா? பன்னண்டாம் நாளு நான் லீவு போட்டுக்குறேன்."

"பதினோராம் நாளே போட்டுக்க."

அவள் சிரித்தாள். டீமேக்கர் மாடியிலிருந்து கையசைத்தார். அன்டன் சுவிட்சைப் போட்டான். ரோலர் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. அவன் காது கொடுத்துக் கேட்டான். சத்தத்தில் குறையில்லை. போன தடவையும் இருக்கவில்லை.

வினோதா கூட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன தடவை பிய்த்துக்கொண்டு பறந்த கிராங்க் அங்கே பள்ளம் போட்டிருந்தது. அவளுடைய தோள் உயரம்.

"நெசமாச் சொல்லுங்க அண்ணே. நான் எந்தப் பக்கம் நின்னு கூட்டுறது?"